ப்ரொஃபைலரை மாட்டியதும் ஜாவா சர்வர் விழுகிறதா? நான் பட்டதைச் சொல்கிறேன்

எங்கோ ஒரு டேட்டா சென்டரில் ஓடும் ஜாவா அப்ளிகேஷன் மெதுவாகிறது. ஏன் என்று பார்க்க, எந்தக் கோடு எவ்வளவு நேரம் தின்கிறது என்று அளக்கும் ப்ரொஃபைலர் என்ற கருவியை உங்கள் லேப்டாப்பிலிருந்து மாட்டுகிறீர்கள். கொஞ்ச நேரத்தில் திரையில் "இணைப்பு துண்டிக்கப்பட்டது" என்று வருகிறது, அந்தப் பக்கம் சர்வர் செத்துப் போய் மறுபடி எழுந்து நிற்கிறது. மறுபடி மாட்டினால் மறுபடி விழுகிறது. கிளையன்ட்டின் உண்மையான வாடிக்கையாளர்கள் அந்த நேரத்தில் அதில்தான் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். இந்த நிலையில் தனியாக உட்கார்ந்திருப்பவருக்காக இதை எழுதுகிறேன். எனக்கு இது நடந்தபோது கேட்க ஆளில்லை. தேடிப் படித்ததெல்லாம் ஏதோ ஒரு ஆப்ஷனை மாற்றச் சொன்னதே தவிர, முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று ஒன்றும் சொல்லவில்லை.

நான் மதுரையில் வீட்டிலிருந்தே ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்கிறேன். அந்தக் கிளையன்ட் சென்னையில். கடைக்காரர்கள் மொத்த வியாபாரிகளிடம் சரக்குக்கு ஆர்டர் போடும் மென்பொருள் அவர்களுடையது. ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பு, ஜாவா 17, அப்ளிகேஷனை அடைத்து ஓட்டும் பெட்டிகளான கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸ், மும்பை ரீஜியனில் சர்வர்கள். கடைக்காரர்கள் சாயங்காலம் கல்லா கணக்கு முடித்துவிட்டு ஆர்டர் போடும் நேரத்தில் மட்டும் எல்லாம் இழுக்கும். சிபியூ உச்சத்துக்குப் போகும். டேட்டாபேஸ் சும்மா இருக்கும். என் லேப்டாப்பில் அதே லோடைக் கொடுத்துப் பார்த்தேன், ஒரு சிரமமும் இல்லாமல் ஓடியது. ஆக, பிரச்சினை இருக்கும் இடத்திலேயே பார்ப்பதைத் தவிர வழியில்லை. நன்கு தெரிந்த ஒரு கட்டண ப்ரொஃபைலருக்கு என் காசில் லைசன்ஸ் வாங்கி, அதன் ஏஜென்ட்டை (ஜாவாவுக்குள் ஏறி உட்கார்ந்து அளவெடுக்கும் துண்டு மென்பொருள்) கன்டெய்னருக்குள் வைத்து, சர்வரின் போர்ட்டை லேப்டாப்புக்குக் கொண்டுவரும் போர்ட் ஃபார்வர்ட் வழியாக இணைத்தேன்.

அங்கிருந்துதான் ஆரம்பித்தது. இணைப்பு அறுந்தது. கிளையன்ட் பக்கம் ஆபரேஷன்ஸ் பார்க்கும் தம்பி ஒருவர் போனில் வந்தார். "அண்ணே, பாட் ரீஸ்டார்ட் ஆயிருச்சு, நீங்க ஏதாச்சும் தொட்டீங்களா?" பாட் என்பது குபர்னெட்டிஸில் கன்டெய்னர் ஓடும் கூடு. தம்பியின் அந்தக் கேள்வி அடுத்த இரண்டு வாரத்துக்கு மேல் என்னைத் தூங்க விடவில்லை. சாயங்காலம் ஆனாலே வயிற்றைப் பிசையும். போன் அடித்தால் அவர்தான் என்று தெரியும்.

இதில் எனக்குக் கிடைத்த பெரிய பாடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பதுதான். "ப்ரொஃபைல் செய்தால் க்ராஷ் ஆகிறது" என்பது ஒரே நோய் கிடையாது. வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி தெரியும் நான்கு வெவ்வேறு சாவுகள் இருக்கின்றன. அப்ளிகேஷன் சாகவே இல்லாமல் இணைப்பு மட்டும் அறுந்திருக்கலாம். மெமரி வரம்பைத் தாண்டியதற்காக லினக்ஸின் மையமான கெர்னல் கொன்றிருக்கலாம். பதில் சொல்லத் தாமதமானதால் குபர்னெட்டிஸே நிறுத்தியிருக்கலாம். கடைசியாக, ஜாவா கோடை ஓட்டும் எந்திரமான ஜேவிஎம் உண்மையிலேயே உள்ளே உடைந்து தன்னைத் தானே நிறுத்திக்கொண்டிருக்கலாம். என் துரதிர்ஷ்டம், எனக்கு இந்த நான்குமே ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. ஒன்றைச் சரி செய்தால் அடுத்தது வரும், ஆனால் திரையில் தெரிவது அதே செய்தி. அதனால் நான் செய்த எந்த மாற்றமும் பலன் தரவில்லை என்றே தோன்றிக்கொண்டிருந்தது. உண்மையில் ஒவ்வொன்றும் பலன் தந்திருந்தது.

கொன்றது யார் என்று கண்டுபிடிக்க முதல் தடயம் எக்ஸிட் கோட், அதாவது ஒரு ப்ராசஸ் முடியும்போது விட்டுச்செல்லும் எண். குபர்னெட்டிஸின் கட்டளைக் கருவியான க்யூப்சிடிஎல்லில் டிஸ்கிரைப் பாட் என்று கொடுத்தால் "லாஸ்ட் ஸ்டேட்" என்ற பகுதியில் அந்த எண் இருக்கும். லினக்ஸில் ஒரு சிக்னலால் (ப்ராசஸுக்கு அனுப்பும் எண்ணிட்ட குறிப்பு) செத்த ப்ராசஸின் கோட், 128உடன் அந்தச் சிக்னலின் எண்ணைக் கூட்டியது. உடனே கொல்லும் சிக்கில் 9 என்பதால் 137. முடித்துக்கொள்ளச் சொல்லும் சிக்டெர்ம் 15 என்பதால் 143. ஜேவிஎம் தனக்குள் நடந்த மெமரி மீறலைப் பிடித்து, அறிக்கை எழுதிவிட்டு, அபார்ட் செய்து சாகும்போது பெரும்பாலும் 134 வரும், கன்டெய்னரில் ஜாவாவே முதல் ப்ராசஸாக இருந்தால் 139 ஆகவும் வரலாம். 137 வந்தால் மட்டும் பக்கத்தில் இருக்கும் காரணத்தையும் படியுங்கள். "ஓஓஎம் கில்டு" என்று இருந்தால் கெர்னல் மெமரிக்காகக் கொன்றது. வெறும் "எர்ரர்" என்று இருந்தால், கீழே ஈவென்ட்ஸ் பகுதியில் லைவ்னெஸ் ப்ரோப் (உயிரோடு இருக்கிறதா என்று குபர்னெட்டிஸ் தட்டிப் பார்ப்பது) தோற்றதாக ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். ஈவென்ட்ஸ் ரொம்ப நேரம் தங்காது, இயல்பு அமைப்பில் ஒரு மணி நேரத்தில் அழிந்துவிடும். அதனால் விழுந்த உடனே எடுத்து ஒரு கோப்பில் போட்டுவிடுங்கள். செத்த கன்டெய்னரின் லாகை க்யூப்சிடிஎல் லாக்ஸ் கட்டளையில் ப்ரீவியஸ் ஆப்ஷன் கொடுத்தால்தான் பார்க்க முடியும். சாதாரணமாகக் கொடுத்தால் புதிதாக எழுந்ததன் லாக் வரும், அதில் எல்லாம் நன்றாகவே இருக்கும்.

இணைப்பு மட்டும் அறுந்த கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ரீஸ்டார்ட் எண்ணிக்கை கூடவில்லை என்றால் அப்ளிகேஷன் சாகவில்லை, அவ்வளவுதான். போர்ட் ஃபார்வர்ட் என்பது நீண்ட நேர வேலைக்கானது அல்ல, வீட்டு இன்டர்நெட் ஒரு நொடி தடுமாறினாலே போய்விடும். ஜாவாவைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் வசதியான ஜேஎம்எக்ஸ் வழியாக விஷுவல்விஎம் மாதிரி கருவியை இணைப்பவர்களுக்கு வேறொரு பொறி காத்திருக்கிறது. ஜேஎம்எக்ஸுக்கு நீங்கள் கொடுக்கும் போர்ட் பதிவேட்டுக்கு மட்டும்தான். உண்மையான உரையாடல் ஆர்எம்ஐ என்ற இன்னொரு போர்ட்டில் நடக்கும், அதைச் சொல்லாவிட்டால் ஜேவிஎம் தன் இஷ்டத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளும். அதோடு, தன் முகவரியென்று கன்டெய்னரின் உள் ஐபியை உங்கள் லேப்டாப்பிடம் சொல்லும், அந்த ஐபியை உங்கள் லேப்டாப் எட்டவே முடியாது. இரண்டு போர்ட்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்து, ஆர்எம்ஐ ஹோஸ்ட்நேமை 127.0.0.1 என்று வைத்து, போர்ட் ஃபார்வர்ட் மாதிரி ஒரு டனல் வழியாகப் போனால் தீர்ந்தது. அவசரத்தில் பாஸ்வேர்டை எடுத்துவிட்டு அந்தப் போர்ட்டை வெளியுலகுக்குத் திறந்து வைக்கச் சொல்லும் யோசனைகளும் கண்ணில் படும். தயவுசெய்து செய்யாதீர்கள். திறந்த ஜேஎம்எக்ஸ் போர்ட் வழியாக உங்கள் சர்வரில் யார் வேண்டுமானாலும் தங்கள் கோடை ஓட்ட முடியும்.

அடுத்தது மெமரி. கன்டெய்னருக்கு வரம்பு 2 ஜிபி, ஜாவா ஆப்ஜெக்ட்கள் இருக்கும் ஹீப்புக்கு 1536 எம்பி என்று முன்பே யாரோ நிர்ணயித்திருந்தார்கள். ப்ரொஃபைலர் இல்லாத நாளில் அது போதுமானதாகவே இருந்தது. ஆனால் ஹீப் என்பது ஜேவிஎம் தின்னும் மெமரியில் ஒரு பகுதிதான். கிளாஸ் விவரங்களுக்கான மெட்டாஸ்பேஸ், ஓடும்போதே ஜாவாவை எந்திரக் கோடாக மாற்றும் ஜிட் கம்பைல் செய்த கோடுக்கான கோட் கேஷ், ஒவ்வொரு த்ரெட்டும் தன் மெத்தட் அழைப்புகளை அடுக்கும் ஸ்டாக், நெட்வொர்க் லைப்ரரிகள் எடுக்கும் டைரக்ட் பஃபர், குப்பை சேகரிப்பானின் சொந்தக் கணக்குகள் எல்லாம் மீதமிருந்த 512 எம்பிக்குள் நெருக்கிக்கொண்டு இருந்தன. அந்த இடுக்கில் ஏஜென்ட் வந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு மெத்தடிலும் அளவெடுக்கும் கோடைச் செருகும் இன்ஸ்ட்ருமென்டேஷன் முறையில் அது வேலை செய்ததால், ஆயிரக்கணக்கான கிளாஸ்கள் மாற்றி எழுதப்பட்டன, மெட்டாஸ்பேஸ் வீங்கியது, சேகரித்த தரவை அனுப்புவதற்கு முன் வைத்திருக்கும் பஃபர் வேறு. வரம்பு தாண்டியதும் கெர்னல் சிக்கில் அனுப்பிவிட்டது.

இதில் என்னைக் குழப்பியது, ஜாவா லாகில் அவுட் ஆஃப் மெமரி எர்ரர் என்று ஒரு எழுத்துகூட இல்லாதது. இருக்கவும் இருக்காது. ஹீப் போல ஜேவிஎம் தானே வைத்திருக்கும் வரம்பு நிரம்பினால்தான் ஜாவா அதைச் சொல்லும். கெர்னல் கொல்லும்போது ஜேவிஎம்முக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூட அவகாசம் கிடையாது. ஹீப் டம்ப்பும் எழுதப்படாது. நேட்டிவ் மெமரி ட்ராக்கிங்கை சம்மரி அளவில் இயக்கினால் ஜேவிஎம்மின் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு எடுக்கிறது என்று ஜாவா கருவித்தொகுப்பான ஜேடிகேயோடு வரும் ஜேசிஎம்டி கட்டளை மூலம் கேட்கலாம். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: ஏஜென்ட் போன்ற வெளி நேட்டிவ் லைப்ரரி (ஜாவாவாக அல்லாமல் எந்திரக் கோடாகவே வருவது) தானாக இயங்குதளத்திடம் கேட்டு எடுக்கும் மெமரி அந்தக் கணக்கில் வராது. அந்த அறிக்கையின் கூட்டுத்தொகைக்கும் கன்டெய்னர் காட்டும் மொத்தத்துக்கும் உள்ள இடைவெளி, ப்ரொஃபைலரை மாட்டியதும் வளர்கிறதா என்று பாருங்கள். எனக்கு வளர்ந்தது. ப்ரொஃபைல் செய்யும் காலத்துக்கு மட்டும் அந்த ஒரு பாட்டின் வரம்பை 3 ஜிபி ஆக்கச் சொன்னேன், ஹீப்பைத் தொடவில்லை. ஓஓஎம் கில்டு நின்றது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கியது.

மறுநாள் மறுபடி 137. இந்த முறை காரணம் "எர்ரர்". குபர்னெட்டிஸின் லைவ்னெஸ் ப்ரோப்பை யாரும் மாற்றாமல் விட்டால், 10 நொடிக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கும், 1 நொடிக்குள் பதில் வர வேண்டும், தொடர்ந்து 3 முறை வராவிட்டால் கன்டெய்னரை நிறுத்தச் சொல்லிவிடும். முதலில் சிக்டெர்ம் அனுப்பி 30 நொடி பொறுக்கும், அதற்குள் போகாவிட்டால் சிக்கில். ஏஜென்ட் நடுவில் வந்து ஏறி, ஏற்கெனவே லோடான கிளாஸ்களையெல்லாம் மாற்றி எழுதும்போது ஜேவிஎம் எல்லா த்ரெட்டுகளையும் ஒரு சேஃப்பாயின்ட்டில் நிறுத்தி வைக்கிறது. அந்தக் கிளாஸ்களுக்காக ஜிட் செய்து வைத்திருந்த வேகமான கோடெல்லாம் தூக்கியெறியப்பட்டு, மறுபடி மெதுவாக ஓட்டும் இன்டர்ப்ரெட்டரிலிருந்து தொடங்குகிறது. ஏற்கெனவே சிபியூ நெருக்கடியில் இருந்த பாட் இது. அரை நிமிடம் அது பேச்சு மூச்சில்லாமல் கிடக்க, குபர்னெட்டிஸ் தன் கடமையைச் செய்தது. ஹீப் டம்ப் எடுக்கும்போதும் இதே சாவு வரும். பெரிய ஹீப் என்றால் நிச்சயம் வரும்.

இதற்குப் பிறகு நான் ஒரு ஏற்பாட்டைக் கேட்டு வாங்கினேன், இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன். முக்கிய டிப்ளாய்மென்ட்டை (எத்தனை பாட், எப்படி ஓட வேண்டும் என்ற ஏற்பாடு) தொடாமல், கன்டெய்னர் எழும் அச்சான அதே இமேஜை வைத்து ஒரே ஒரு ரெப்ளிகா (பாட் பிரதி) கொண்ட தனி டிப்ளாய்மென்ட். அதே சர்வீஸின் லேபிள் இருப்பதால் உண்மையான ட்ராஃபிக்கில் ஒரு பங்கு இதற்கும் வரும். இதற்கு மட்டும் மெமரி வரம்பு அதிகம், லைவ்னெஸ் ப்ரோப்பின் பொறுமை அதிகம். ட்ராஃபிக் வாங்கத் தயாரா என்று பார்க்கும் ரெடினெஸ் ப்ரோப்பை மட்டும் கண்டிப்பாகவே வைத்துக்கொண்டோம், பாட் திணறினால் ட்ராஃபிக் தானாக மற்ற பாட்களுக்குப் போய்விடும், கடைக்காரரின் ஆர்டர் தொங்காது. இதை முதல் நாளே கேட்டிருக்கலாம் என்ற யோசனையை எனக்கு யாராவது தந்திருந்தால் அந்தத் தம்பியின் பாதி போன் அழைப்புகள் வந்திருக்காது. இன்னொன்று, அளவெடுக்கும் முறையை இன்ஸ்ட்ருமென்டேஷனிலிருந்து சாம்ப்ளிங்குக்கு, அதாவது த்ரெட்டுகள் எங்கே நிற்கின்றன என்று அவ்வப்போது பார்ப்பதற்கு, மாற்றினேன். ப்ரொடக்‌ஷனில் இன்ஸ்ட்ருமென்டேஷனுக்கு இடமே இல்லை என்பது என் உறுதியான கருத்து. சர்வரை நோகடிப்பது ஒருபுறம், சின்னச் சின்ன மெத்தட்களின் நேரத்தை ஊதிப் பெருக்கிக் காட்டி உங்களைத் தவறான இடத்துக்கு அனுப்பிவிடும்.

இப்போது வருவதுதான் என்னை உண்மையில் உடைத்தது. மெமரி போதும், ப்ரோப் பொறுமையாக இருக்கிறது, சாம்ப்ளிங் முறை. மாட்டினேன், கொஞ்ச நேரம் அழகாக ஓடியது, கிராஃப் வரத் தொடங்கியது, விழுந்தது. இந்த முறை 134. ஜேவிஎம்மே உடைந்திருக்கிறது. எட்டாத ஊரில் இருக்கும் ஒரு ஜேவிஎம் நேட்டிவ் கோடில் உடைவதை வீட்டிலிருந்து எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் அன்று இரவு மொட்டை மாடியில் போய் உட்கார்ந்திருந்தேன். இந்த வேலையை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். வீட்டில் கேட்டதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

ஜேவிஎம் இப்படி உடையும்போது ஒரு மரண வாக்குமூலம் எழுதிவிட்டுத்தான் சாகும். எச்எஸ் எர்ர் பிஐடி என்று பெயர் தொடங்கும் லாக் கோப்பு அது. இயல்பாக அப்ளிகேஷன் ஓடும் டைரக்டரியில் எழுதப்படும். கன்டெய்னரில் சிக்கல் இதுதான்: கன்டெய்னர் போனதும் அதன் கோப்பு முறைமையும் போய்விடும், வாக்குமூலமும் போய்விடும். எம்ப்டிடிர் வகை வால்யூம் ஒன்றை மவுன்ட் செய்து, எர்ரர்ஃபைல் என்ற ஆப்ஷனில் அந்தப் பாதையைக் கொடுங்கள். எம்ப்டிடிர் பாட் இருக்கும்வரை இருக்கும், உள்ளே கன்டெய்னர் செத்து எழுந்தாலும் அழியாது. எழுந்தவுடன் க்யூப்சிடிஎல் காப்பி கட்டளையால் எடுத்துக்கொள்ளலாம். புதிய ஜேடிகேக்களில் எர்ரர்ஃபைல்டுஸ்ட்டவுட் என்ற ஆப்ஷனும் உண்டு, அறிக்கை முழுவதும் சாதாரண லாகோடு சேர்ந்து வந்துவிடும். ப்ரொஃபைலரைத் தொடுவதற்கு முன்பே இந்த இரண்டில் ஒன்றைச் செய்து வைத்துவிடுங்கள். இது இல்லாமல் நான் இழந்த சாயங்காலங்கள் திரும்ப வராது.

அந்தக் கோப்பு ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கும், பார்த்தவுடன் மலைப்பாக இருக்கும். முழுவதும் படிக்க வேண்டாம். மேலே ப்ராப்ளமேட்டிக் ஃப்ரேம் என்று ஒரு வரி. அதன் முதல் எழுத்து சி என்றால் நேட்டிவ் லைப்ரரி ஒன்றில் விழுந்திருக்கிறது, லைப்ரரியின் பெயர் பக்கத்திலேயே இருக்கும். வி என்றால் ஜேவிஎம்மின் சொந்தக் கோடு. பெரிய ஜே என்றால் ஜிட் கம்பைல் செய்த ஜாவா கோடு. வி என்று வந்தாலும் ஜேவிஎம்மைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள், அதைக் கூப்பிட்டது யார் என்பதற்கு நேட்டிவ் ஃப்ரேம்ஸ் பட்டியலில் கீழே இறங்கிப் பாருங்கள். எனக்கு உச்சியில் ஜேவிஎம், அதற்கு இரண்டு படி கீழே ஏஜென்ட்டின் டாட் எஸ்ஓ கோப்பு, அதாவது அதன் நேட்டிவ் லைப்ரரி. அடுத்து, விழுந்த த்ரெட்டின் பெயரும் அதன் ஸ்டாக் வரியும். ஸ்டாக் எந்த முகவரியிலிருந்து எந்த முகவரி வரை, எவ்வளவு மிச்சம் என்று அதில் இருக்கும். இரண்டு முகவரிகளையும் கழித்துப் பார்த்தேன். 128 கேபி. 64 பிட் லினக்ஸில் ஜாவா த்ரெட் ஒன்றுக்கு இயல்பான ஸ்டாக் 1 எம்பி. இது எங்கிருந்து வந்தது?

பதில் அதே கோப்பில், டைனமிக் லைப்ரரீஸ் பகுதியில் இருந்தது. அங்கே மஸ்ல் என்ற பெயர் இருந்தது. இமேஜ் சின்னதாக இருக்க வேண்டும் என்று கிளையன்ட்டின் குழு ஆல்பைன் லினக்ஸை அடிப்படையாக எடுத்திருந்தார்கள். நேட்டிவ் கோடு நம்பியிருக்கும் அடிப்படையான சி லைப்ரரி பெரும்பாலான லினக்ஸ்களில் ஜிலிப்சி. ஆல்பைனில் இருப்பது மஸ்ல். ஜாவாவுக்கு இதில் குறையில்லை, ஜேடிகே 16 முதல் ஆல்பைனுக்கான போர்ட் ஓப்பன்ஜேடிகேயிலேயே இருக்கிறது. ஜாவா த்ரெட்டுகளுக்கு ஸ்டாக் அளவை ஜேவிஎம்மே சொல்லி உருவாக்குகிறது. ஆனால் ஏஜென்ட் தானாக ஒரு நேட்டிவ் த்ரெட்டை உருவாக்கி, அளவு எதுவும் சொல்லாமல் விட்டால், சி லைப்ரரியின் இயல்பு அளவுதான் கிடைக்கும். ஜிலிப்சியில் அது வழக்கமாக 8 எம்பி. மஸ்லில் 128 கேபி, 2019க்கு முந்தைய பதிப்புகளில் 80 கேபிதான். அந்த த்ரெட் ஜேவிஎம்மோடு இணைந்து, ஸ்பிரிங்கின் ஆழமான ஸ்டாக்குகளைப் படித்துக் கொண்டுபோகத் தொடங்கும்போது, ஜேவிஎம் பாதுகாப்புக்கென்று ஒதுக்கும் பக்கங்கள் போக மிஞ்சுவது சொற்பம். லோடு குறைவாக இருந்த காலையில் பிழைத்து, சாயங்காலம் விழுந்ததும் இதனால்தான். ஒரு முழங்கயிற்றைக் கொண்டு ஊர்க்கிணற்றில் தண்ணீர் இறைக்கச் சொன்ன மாதிரி.

ஆல்பைனில் இருப்பவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, மஸ்லுக்கென்றே கட்டப்பட்ட ஏஜென்ட்டைத் தேடுவது, அதுவும் தன் த்ரெட்டுக்கு அளவு சொல்கிறதா என்று பார்ப்பது. இன்னொன்று, ப்ரொஃபைல் செய்யும் அந்த ஒரு ரெப்ளிகாவுக்கு மட்டும் டெபியன் அல்லது உபுண்டு அடிப்படை இமேஜ் போடுவது. நான் இரண்டாவதைச் செய்தேன், விழுவது நின்றது. ஜிலிப்சிக்குக் கட்டிய டாட் எஸ்ஓவை ஒட்டுப்போட்டு மஸ்லில் ஏற்றும் இணக்க லைப்ரரிகளும் உண்டு. ஏறும், ஆனால் ஓட ஓட எப்போது உடையும் என்று தெரியாது. ப்ரொடக்‌ஷனில் வேண்டவே வேண்டாம். அதேபோல ஆர்ம் ப்ராசஸர் உள்ள சர்வரில் எக்ஸ்86 ப்ராசஸருக்கான ஏஜென்ட்டை ஏற்றப் பார்ப்பதும் நடக்கும், அது ஏறவே மறுத்துவிடும் என்பதால் ஆபத்து குறைவு.

உடைவதற்கு இன்னும் சில காரணங்கள் உண்டு, எனக்கு வராவிட்டாலும் தேடிய காலத்தில் தெரிந்துகொண்டவை. ஒரே ஜேவிஎம்மில் இரண்டு ப்ரொஃபைலர்கள் சிக்ப்ரொஃப் என்ற ஒரே சிக்னலை நம்பி இருந்தால் ஒன்றை ஒன்று மிதிக்கும். ஏற்கெனவே ஒரு ஏபிஎம் ஏஜென்ட் (எப்போதும் ஓடும் கண்காணிப்புக் கருவி) கிளாஸ்களை மாற்றியிருக்க, மேலே இன்னொன்று மாற்றினால் வெரிஃபை எர்ரர் (கிளாஸ் செல்லாது என்று ஜேவிஎம் மறுப்பது) வரலாம், அதனால் ப்ரொஃபைல் செய்யும் பாட்டில் ஏபிஎம்மை எடுத்துவிட்டுப் பாருங்கள். ஜாவாவிலிருந்து நேட்டிவ் கோடைக் கூப்பிடும் ஜேஎன்ஐ வழியாக வரும் லைப்ரரி எதுவும் சிக்னல் ஹேண்ட்லரைத் தனக்கென எடுத்துக்கொண்டால், ஜேடிகேயோடு வரும் லிப்ஜேசிக் லைப்ரரியை எல்டி ப்ரிலோட் என்ற சூழல் மாறியில் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து வாழும். ஏஜென்ட்டை ஜாவா டூல் ஆப்ஷன்ஸ் என்ற சூழல் மாறியில் கொடுத்திருக்கிறீர்களா? அதைக் கன்டெய்னருக்குள் ஓடும் எல்லா ஜேவிஎம்களும் எடுத்துக்கொள்ளும், நீங்கள் உள்ளே போய் ஓட்டும் ஜேசிஎம்டி உட்பட. அது அதே போர்ட்டைப் பிடிக்கப் பார்த்து விழும், நீங்கள் அப்ளிகேஷன்தான் விழுந்தது என்று பதறுவீர்கள். ஜேடிகே ஜாவா ஆப்ஷன்ஸ் என்ற மாறியை ஜாவா என்ற கட்டளை மட்டும்தான் படிக்கும், அதைப் பயன்படுத்துங்கள். ஜேடிகே 21 முதல், ஓடிக்கொண்டிருக்கும் ஜேவிஎம்மில் நடுவில் ஏஜென்ட் ஏற்றினால் எச்சரிக்கை வரும். அது க்ராஷ் அல்ல, பயப்பட வேண்டாம்.

இவ்வளவும் பட்ட பிறகுதான் ஒரு கேள்வி எழுந்தது. வெளியாள் ஒருவரின் நேட்டிவ் கோடை ஏன் நான் அந்த ஜேவிஎம்முக்குள் கொண்டுபோக வேண்டும்? ஜேவிஎம்முக்குள்ளேயே ஒரு ப்ரொஃபைலர் இருக்கிறது. ஜேஎஃப்ஆர், ஃப்ளைட் ரெக்கார்டர். ஒரு காலத்தில் ஆரக்கிளின் கட்டண வசதியாக இருந்தது, ஜேடிகே 11இல் திறந்த மூலமானது, 2020இல் ஓப்பன்ஜேடிகே 8க்கும் 8யூ262 வெளியீட்டில் வந்துவிட்டது. லேப்டாப்போடு தொடர்ந்து இணைந்திருக்கத் தேவையில்லை. சர்வரிலேயே ஒரு கோப்பில் எழுதும், பிறகு கொண்டுவந்து ஜேடிகே மிஷன் கன்ட்ரோலில் திறந்தால் போதும். ஆக டனல், போர்ட், ஐபி தொல்லை எதுவும் கிடையாது. ப்ரொஃபைல் என்ற அமைப்பில் 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை சாம்பிள் எடுக்கும். த்ரெட்டின் ஸ்டாக்கைப் படிக்கும்போது தவறான முகவரி ஒன்றைத் தொட்டுவிட்டால், அந்தப் பிழையைத் தானே பிடித்து அந்த ஒரு சாம்பிளை மட்டும் கைவிடும் பாதுகாப்பு நான் ஓட்டிய ஜாவா 17இல் உள்ளேயே இருக்கிறது.

ஜேசிஎம்டியில் ஜேஎஃப்ஆர் ஸ்டார்ட் கொடுத்தால் தொடங்கிவிடும். ஆனால் ஜாவாவை ஓட்டுவதற்கான ஜேஆர்இ மட்டும் உள்ள இமேஜ்களில் பெரும்பாலும் ஜேசிஎம்டி இருக்காது. இருந்தாலும், அப்ளிகேஷன் ஓடும் அதே யூசராக நீங்களும் இருக்க வேண்டும், டெம்ப் டைரக்டரியில் எழுத அனுமதி இருக்க வேண்டும். கோப்பு முறைமையைப் படிக்க மட்டும் என்று பூட்டியிருந்தால் டெம்ப்புக்கும் ஒரு எம்ப்டிடிர் போடுங்கள். இதெல்லாம் வேண்டாம் என்றால் ஸ்டார்ட்ஃப்ளைட்ரெக்கார்டிங் ஆப்ஷனை ஜாவா தொடங்கும்போதே கொடுத்துவிடலாம், நான் அப்படித்தான் செய்தேன். பதிவின் இடைக்காலத் துண்டுகள் சேரும் ரெபாசிட்டரி பாதையையும் அதே வால்யூமில் வையுங்கள். நடுவில் ப்ராசஸ் செத்தாலும் அந்தத் துண்டுகளை ஜேஎஃப்ஆர் அசெம்பிள் கட்டளையால் ஒட்டிப் படிக்கலாம்.

ஜேஎஃப்ஆர் போதாமல், ஜாவாவுக்கு வெளியே நேட்டிவ் கோடில் நேரம் போகிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் அசிங்க்-ப்ரொஃபைலர் நல்ல கருவி. அண்மை வெளியீடுகள் மஸ்ல், ஜிலிப்சி இரண்டிலும் ஓடும். அது காலங்காலமாகச் சார்ந்திருந்த அசிங்க்கெட்கால்ட்ரேஸ் என்பது ஜேவிஎம்முக்குள் இருக்கும், ஆனால் அதிகாரபூர்வமாக ஆதரிக்கப்படாத ஒரு வழி, அதனால் உங்கள் ஜேடிகேயின் அண்மைத் திருத்த வெளியீட்டில் இருங்கள். கன்டெய்னரில் பெர்ஃப் ஈவென்ட்ஸுக்கு (அது அளவெடுக்கப் பயன்படுத்தும் கெர்னல் வசதி) அனுமதி மறுக்கப்பட்டால், டாக்கரின் இயல்பான செக்காம்ப் என்ற பாதுகாப்பு விதி அதைத் தடுத்திருக்கலாம். பாதுகாப்பைத் தளர்த்தத் தேவையில்லை, அந்த வசதி தேவைப்படாத ஐடைமர் முறையைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

ஜேஎஃப்ஆர் பதிவைத் திறந்த அன்று சாயங்காலம் எனக்குக் கை நடுங்கியது. சாம்பிள்களில் பெரும்பகுதி, ஜாவாவின் பிழைகளுக்கெல்லாம் அடிப்படையான த்ரோவபிள் கிளாஸின் ஃபில்இன்ஸ்டாக்ட்ரேஸ் மெத்தடில். எக்ஸப்ஷன் எதுவும் இல்லாத இடத்தில் யார் ஸ்டாக் ட்ரேஸ் கேட்கிறார்கள் என்று மேலே ஏறிப் பார்த்தால் லாக் எழுதும் லைப்ரரியான லாக்பேக். ப்ரொடக்‌ஷன் லாக் அமைப்பில் ஒவ்வொரு வரியிலும் மெத்தட் பெயரையும் வரி எண்ணையும் அச்சிடும் குறிகள் இருந்தன. அதைக் கண்டுபிடிக்க லாக்பேக் ஒவ்வொரு லாக் வரிக்கும் ஒரு த்ரோவபிளை உருவாக்கி முழு ஸ்டாக்கையும் நடந்து பார்க்கும். ஸ்பிரிங் அப்ளிகேஷனில் ஸ்டாக் நூறு படிக்கு மேல் போவது சாதாரணம். என் லேப்டாப்பில் டெவலப்மென்ட் சூழலுக்கு வேறு லாக் அமைப்பு, அந்தக் குறிகள் இல்லை. அதனால்தான் அங்கே வரவேயில்லை. குறிகளை எடுத்தார்கள், அன்று சாயங்காலம் சிபியூ பாதிக்கும் கீழே இறங்கியது. தம்பி போன் செய்தார். "அண்ணே, இன்னைக்கு ஒண்ணுமே ஆகல."

செலவையும் சொல்லிவிடுகிறேன். லைசன்ஸ் காசு என்னுடையது, திரும்பி வரவில்லை. க்ராஷைத் தேடிய நேரத்துக்குக் கிளையன்ட் பணம் தர ஒப்பந்தத்தில் இடமில்லை, அந்த மாத இன்வாய்ஸில் 40,000 ரூபாய்க்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை. மற்றொரு வேலையைத் தள்ளிப்போட்டதில் அதைத் தந்தவர் வேறொருவரிடம் போய்விட்டார். இப்போது ப்ரொடக்‌ஷனில் ப்ரொஃபைல் செய்யும் வேலை என்றால் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குகிறேன்: தனி ரெப்ளிகா ஒன்று அவர்கள் தர வேண்டும், எர்ரர்ஃபைலுக்கும் ரெக்கார்டிங்குக்கும் வால்யூம் இருக்க வேண்டும், அடிப்படை இமேஜ் எது, ஜேடிகே எந்த வெளியீடு, ஏற்கெனவே என்னென்ன ஏஜென்ட்கள் ஓடுகின்றன என்ற விவரம் வேலை தொடங்கும் முன் வர வேண்டும், டிஸ்கிரைப் பார்க்கவும் பழைய லாக் எடுக்கவும் எனக்கு நேரடி அனுமதி வேண்டும், கருவிச் செலவும் சூழலைச் சரிசெய்யும் நேரமும் பில்லில் வரும். இதைக் கேட்டதற்காக இதுவரை எந்தக் கிளையன்ட்டும் முகம் சுளித்ததில்லை.